தண்டலும் உஷ்ரும்: செங்கற்பட்டுச் சீமையின் நிலவரலாற்றில் பங்கீடு பற்றிய சில சிந்தனைகள்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகக் காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டைக்கு அருகில் அமைந்துள்ளது தண்டலம். பூவிருந்தவல்லியில், கோல்கொண்டா குதுப்ஷாஹி சுல்தான்களின் ஆட்சியில் கி.பி. 1653ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இன்றும் உள்ளது. எனவே இந்த மண்ணோடு நமக்குள்ள உறவு நேற்று முளைத்ததன்று. ஆயினும் இன்று இவ்வழியே செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் கண்ணில் படுபவை இரண்டே: விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்துகளின் வரிசை, சாலையோரமெங்கும் நிற்கும் மனை விற்பனைப் பலகைகள். இவ்விரண்டுக்கும் இடையே மறைந்து கிடக்கும் வரலாறு ஒன்றுண்டு. அதையே இக்கட்டுரையில் ஆராய முனைகிறோம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். ‘தண்டல்’ என்றால் வரி முதலியவற்றைத் திரட்டுதல் என்பது பழந்தமிழ்ப் பொருள். கடலோர முஸ்லிம்களிடையே மரக்கலத் தலைவனுக்கும் அப்பெயர் வழங்கியதுண்டு. சென்னையின் தெருக்களிலோ இன்று அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நாள்தோறும் வந்து வசூலிக்கப்படும் வட்டிக்கடன். தண்டலம் என்னும் ஊர்ப்பெயரை இச்சொல்லோடு பிணைத்துச் சொல்லாராய்ச்சி செய்வது நம் நோக்கமன்று. தொண்டை மண்டலத்தில் அப்பெயர் கொண்ட ஊர்கள் பல. ஆனால் அரசன் திரட்டிய பங்கைக் குறித்த சொல் கந்துவட்டிக்காரனின் சொல்லாகச் சுருங்கிப்போன இம்மாற்றத்தில் இப்பகுதியின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது.

கி.பி. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். அதன் பின்னர் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இச்சீமையின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கப்பிள்ளைகள் பனையோலையில் எழுதி வைத்திருந்த கணக்குகளே அதற்கு அடிப்படை. அவ்வோலைகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரு ஊர்களின் கணக்குகள் நூலாகவும் வெளிவந்துள்ளன. தரம்பால் அவர்களும் அவரைத் தொடர்ந்த சென்னை ஆய்வாளர்களும், ஜப்பானிய அறிஞர் மிசுஷிமா அவர்களும் இக்கணக்குகளை நுணுகி ஆராய்ந்துள்ளனர்.

அவற்றைப் படிப்போர் முதலில் வியப்பது ஒரு நடைமுறையைக் கண்டுதான். நெல்லை அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, பொலியாகக் குவித்தபின் அதை உடனே அரசனும் குடியும் பகிர்ந்துகொள்வதில்லை. மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, அந்தக் குவியலிலிருந்து பலருக்கும் பங்கு பிரிந்துவிடும். ஏரியைச் செப்பனிடுவதற்கு ஒரு பங்கு; மதகைத் திறந்து மூடி நீர் பாய்ச்சுபவனுக்கு ஒரு பங்கு; கணக்கப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, நாவிதனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு என்று அப்பங்குகள் நீளும். இவற்றை மேரை என்றும் சுதந்திரம் என்றும் அழைத்தனர். இன்று நாம் விடுதலை என்னும் பொருளில் வழங்கும் ‘சுதந்திரம்’ அன்று களத்துமேட்டில் ஒருவனுக்குப் பரம்பரையாக உரிய பங்கைக் குறித்தது. இச்சிறு சொற்குறிப்பு நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது.

இதை ஒரு பொற்காலமாகத் தீட்டிக் காட்டும் எழுத்துகள் பெருகியுள்ளன. அவ்வாறு தீட்ட நாம் உடன்படவில்லை. களத்தில் பங்கு பெற்றவர் அனைவரும் சமமாகப் பெறவில்லை. காணியாட்சி உடைய மிராசுதாரர்களுக்கு நிலமும் உரிமையும் தலைமுறை தலைமுறையாகச் சொந்தம். பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகைக் குடிகள் அவர்களுக்குக் கீழே. அனைவருக்கும் கீழே, சேற்றில் இறங்கி நெல்லை விளைவித்த பறையர் குலப் பண்ணையாட்கள். அவர்களுக்கும் களத்தில் ஒரு பங்கு உண்டு என்பது மெய். ஆனால் அவர்களுக்கு நிலம் இல்லை. பல ஊர்களில் தாம் விரும்பிய ஆண்டையிடம் வேலை செய்யும் உரிமையும் இல்லை. உரிமை என்பது ஒருவனைக் காக்கும் வேலியாகவும் இருக்கலாம், அவனைக் கட்டிப்போடும் கயிறாகவும் இருக்கலாம் என்பதற்கு அக்களத்துமேடே சான்று.

எனினும் அந்நடைமுறையில் பொதிந்திருந்த ஒரு கருத்து நமக்கு அந்நியமானதன்று. விளைந்த பொருளில் பிறர்க்கு உள்ள பங்கு, உடையவன் மனமிரங்கிக் கொடுக்கும் ஈகையன்று; அது பொருள் விளைந்த இடத்திலேயே, அவனுடைய உடைமையாக அது முழுமை பெறுமுன்பே பிரிந்துவிடும் உரிமை. திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் 141ஆவது வசனம், அறுவடை செய்யும் அந்நாளிலேயே விளைச்சலுக்குரிய ‘ஹக்’கைக் கொடுத்துவிடுமாறு பணிக்கிறது. ஹக் என்றால் உரிமை. இவ்வசனம் எதைக் குறிக்கிறது என்பதில் முன்னோர் கருத்து வேறுபட்டதை இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தமது விரிவுரையில் விரிவாகப் பதிந்துள்ளார்கள். கடமையான ஜகாத்தே இது என்றனர் ஒரு சாரார். ஜகாத்துக்குப் புறம்பாக, அறுவடையின்போது களத்துக்கு வந்து நிற்கும் ஏழைகளுக்கு அளிக்க வேண்டியது என்றனர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், கொடுக்க வேண்டிய இடமும் நேரமும் களமும் அறுவடை நாளுமே.

அல்கலம் அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்களின் வரலாற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடவில்லை, பிறர் தோட்டத்தில் புகவில்லை. தம் சொந்தத் தோட்டத்தின் கனிகளை விடியுமுன் சென்று பறித்துவிட வேண்டும், அன்று எந்த ஏழையும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று தம்முள் இரகசியம் பேசிக்கொண்டார்கள். அவ்வளவே. அறுவடையின் நேரத்தை மாற்றி, ஏழையின் கண்ணில் படாமல் கணக்கை முடிக்க எண்ணியதே குற்றமாயிற்று. தோட்டம் இரவோடிரவாக அழிந்தது.

மழையாலோ தானாகப் பாயும் நீராலோ விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. உழைத்து நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. நபிகளார் (ஸல்) அவர்கள் வகுத்த இவ்வுஷ்ர் அளவில் ஒரு நுட்பம் உண்டு. உழைப்பும் செலவும் கூடும்போது கடமை குறைகிறது. இயற்கையின் கொடை கூடும்போது கடமை கூடுகிறது. செங்கற்பட்டு உழவனின் மொழியில் சொன்னால், ஏரி மதகுத் தண்ணீருக்குப் பத்திலொன்று, ஏற்றம் இறைத்தவனுக்கு இருபதிலொன்று. இந்திய நிலங்கள் உஷ்ரீயா கராஜீயா என்று உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். அதற்குள் நாம் புகவில்லை. நமக்கு வேண்டியது அளவுகோலின் பின்னுள்ள நியாயமே.

இனி, மனத்துக்கு உவப்பில்லாத ஒரு பகுதிக்கு வருவோம். இச்சீமையின் பங்கீட்டு முறையைக் குலைத்தவர்கள் ஆங்கிலேயர் என்று எழுதிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. ஜாகீரைக் கம்பெனிக்குக் கொடுத்த நவாபே அதைக் குத்தகைக்குத் திரும்பப் பெற்று 1780 வரை வரி வசூலித்தார். அவர் அறிஞர்களை ஆதரித்தவர். லக்னோவின் பெரும் அறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பெருமைப்படுத்தியவர். அக்குடும்பத்தின் பெயரைத் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்கும் கம்பெனி ஊழியர்களிடம் அவர் வாங்கிய கடன், வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக வளர்ந்தது. பால் பென்ஃபீல்டு போன்ற சிற்றூழியர்கள் அரசனுக்குக் கடன் கொடுக்கும் செல்வர்களானார்கள். நூற்றுக்கு இருபதுக்கு மேலும் வட்டி ஏறிய கடன்களுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டவை எவை? மாவட்டங்களின் வரி வருவாய். அதாவது களத்துமேட்டில் இன்னும் விளையாத நெல். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் இக்கடன்களைப் பற்றியே நீண்ட உரையாற்றினார். ஒரு முஸ்லிம் அரசு ரிபாவில் சிக்கிய வரலாறு ஆங்கில நாடாளுமன்றத்தில் பேசப்பட்ட அளவுக்கு நம் மேடைகளில் பேசப்பட்டதில்லை.

இதற்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் இரண்டு அறிவுரைகள் கூறியிருந்தார்கள். ஒன்று, நிலவரியை அளவுக்கு இவ்வளவு என்று நிலையாக விதிப்பதைவிட விளைச்சலில் பங்காகப் பெறுவது நேர்மையானது. ஏனெனில் விளைச்சல் குறைந்தால் அரசும் இழப்பில் பங்கேற்கும். மற்றொன்று, வரி வசூலைக் குத்தகைக்கு விடாதீர். குத்தகை எடுத்தவன் தான் கட்டிய தொகைக்கு மேல் இலாபம் பார்க்கக் குடிகளை வதைப்பான், நாடு பாழாகும். ஹனஃபி ஃபிக்ஹைப் போற்றிய அரசவையில் இவ்விரு அறிவுரைகளும் ஏட்டளவில் நின்றுவிட்டன.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இச்சீமையை மேலும் பாழாக்கியது. புள்ளலூரில் கம்பெனிப் படையை அவரும் திப்புவும் முறியடித்த வெற்றியை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அப்போரினால் ஊரைவிட்டு ஓடிய உழவர்களையும் சேர்த்தே நினைவுகூர்வது நேர்மை. 1794 முதல் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் வரியை உயர்த்தவும் மிராசுதாரர்களை அடக்கவும் முயன்றபோது, ஆட்களோடு ஊரை விட்டு வெளியேறுவதையே அவர்கள் ஆயுதமாகக் கொண்டனர். 1802இல் சீமையை மிட்டாக்களாகப் பிரித்து ஏலமிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே முறிந்தன. எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை குறித்த தமது புகழ்பெற்ற விளக்கங்களை வெளியிட்டார். நாளடைவில் விளைச்சலில் பங்கு என்பது காசாக மாறியது, மேரைகள் தேய்ந்தன, ஏரியின் பங்கு அரசின் கணக்கில் கரைந்தது. நிலவுரிமை மட்டும் மேலோரிடம் நிலைத்தது.

அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டின் சட்டம் அறிவித்த பின்னரும் கடனால் பிணைக்கப்பட்ட படியாள் முறை தொடர்ந்தது. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாததால் எதிர்த்துப் பேசவும் இயலாதவர்களாக அவர்கள் இருப்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்குத் தனியே நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்னும் விதி இருந்தும் அந்நிலங்களிற் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. 1994 அக்டோபரில் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கோரிக்கை நூறாண்டுக்கு முந்தைய ஓர் அரசாணையை நிறைவேற்றுமாறு கேட்டதே.

இந்த மண்ணில்தான் தொழிற்சாலைகள் வந்தன. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால்கோளிட்டது. 2006இல் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று வரிசை நீண்டது. இவை வந்ததால் இப்பகுதி இழந்தது மட்டுமே என்று சொல்வது உண்மைக்கு மாறானது. நிலத்தோடும் ஆண்டையோடும் கட்டுண்டிருந்தோரின் பேரப்பிள்ளைகள் மாதச் சம்பளம் பெற்றனர். தொலைமாவட்டங்களின் இளம்பெண்கள் தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்தனர். ஆலையின் வாயிலில் குலம் கேட்பதில்லை என்பது சிறு விடுதலையன்று.

ஆனால் பங்கு என்னவாயிற்று? இந்திய அரசின் வருடாந்திரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, ஆலைகள் ஈட்டும் நிகர மதிப்புக் கூட்டலில் தொழிலாளர் ஊதியத்தின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு. 2007-08 அளவில் அது ஏறத்தாழ 10 விழுக்காடாகச் சரிந்தது. பின்னர் சற்றே ஏறினும் பழைய நிலையை எட்டவில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தப்படும் தொழிலாளரின் விகிதமோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்து 2022-23இல் 40 விழுக்காட்டைத் தொட்டது. 2014 நவம்பர் முதல் நாள் நோக்கியா ஆலை மூடப்பட்டது. உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 நேரடித் தொழிலாளர் இருந்த இடம் அது. 2021 டிசம்பரில், மற்றொரு கைபேசி ஆலையின் பெண் தொழிலாளர் பலர் விடுதி உணவால் நோயுற்றபோது, அவர்களின் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து வழிமறித்தனர். பொன்விளையும் களத்தின் அருகே, உண்ட சோற்றுக்காக மறியல்! அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பை அரசே கட்டி 2024 ஆகஸ்டில் திறந்ததை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மறியல் செய்யாமலே அது கட்டப்பட்டிருக்குமா என்பது வேறு வினா.

யார் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற வினாவுக்கு ஃபிக்ஹ் நூல்களில் சுவையான ஒரு விவாதம் உண்டு. ஒருவர் தம் நிலத்தை மற்றவருக்குக் குத்தகைக்கு விடுகிறார். விளைச்சலின் உஷ்ர் யார் மீது? நிலத்தின் உரிமையாளர் மீது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). பயிரிட்டவர் மீது என்றார்கள் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும். இருவேறு கருத்தும் உண்டு. ஆனால் இருவரில் ஒருவர் மீதும் இல்லை என்று மட்டும் எவரும் கூறவில்லை. இன்று ஓர் ஒப்பந்தத் தொழிலாளி கூலி கிடைக்காமல் நின்றால், ஆலை ஒப்பந்தக்காரரைக் காட்டும். அவர் ஆலையைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் தவறினால் முதன்மை நிறுவனமே ஊதியம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அக்கடமை தொடர்கிறது. நம்முள் ஆலைகளுக்கு ஆள் அனுப்புவோர், உணவு வழங்குவோர், பேருந்து ஓட்டுவோர் இருக்கின்றனர். வியர்வை உலருமுன் கூலி என்னும் நபிமொழியை அவர்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பதைக் காண்கிறோம். சுவரில் இருப்பது ஒப்பந்தப் பத்திரத்தின் முதல் பத்தியில் ஏறினால் போதும்.

நிலத்தின் பங்கு மற்றொரு வினா. இராக்கின் சவாது நிலங்கள் வெற்றிகொள்ளப்பட்டபோது, அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பிலால் (ரலி) போன்றோர் வற்புறுத்தினர். உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. அல்ஹஷ்ர் அத்தியாயத்தில், செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிவரலாகாது என்று கூறும் வசனத்தையும், பின்வரும் தலைமுறையினரைக் குறிப்பிடும் வசனத்தையும் சான்றாகக் காட்டி, இன்று பங்கிட்டுவிட்டால் நாளை பிறப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று வாதிட்டார்கள். நிலம் பொதுவில் நின்றது. வருவாய் ஆண்டுதோறும் பொதுநிதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் சிப்காட் நிறுவனமும் தொழில்மனைகளை விற்காமல் 99 ஆண்டுக் குத்தகைக்கே தருகிறது. வடிவம் உமர் (ரலி) அவர்களின் ஏற்பாட்டை நினைவூட்டுகிறது. ஆனால் நிலத்தை இழந்தவருக்குக் கிடைப்பது ஒருமுறைத் தொகை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் இங்கே ஒரு முன்னேற்றம். நிலமில்லாவிட்டாலும் மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியின் குடும்பத்தையும் அது பாதிக்கப்பட்டோராக ஏற்கிறது. இருபதாண்டு மாதத்தொகை பெறும் வழியையும் அட்டவணையில் வைத்துள்ளது. களத்துமேட்டின் மேரை மீண்டும் சட்டத்துள் நுழைந்தது போன்றது அது. தமிழ்நாடு அரசு தன் தொழில்நில எடுப்புச் சட்டத்துக்கு விலக்குப் பெற்று, சமூகத் தாக்க ஆய்வைத் தவிர்த்துக்கொண்டதும், 2019இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றதும், புதிய சட்டம் இயற்றப்பட்டு 2021இல் உச்சநீதிமன்றத்தில் அது நிலைபெற்றதும் தனிக்கதை. ஆயினும் மறுவாழ்வு அட்டவணை பொருந்தும். அதைக் கேட்டுப் பெற ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த நால்வர் வேண்டும். நம் வழக்கறிஞர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதைவிடத் தக்க பணி எது?

கூட்டாக நின்று உரிமை கேட்பது இஸ்லாமியப் பண்பாட்டுக்குப் புறம்பானது என்னும் எண்ணம் நம்மிடையே சிலரிடம் உண்டு. அவர்கள் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையை நினைத்துப் பார்க்கட்டும். மக்காவில் சரக்கு விற்ற யமன் நாட்டு வணிகர் ஒருவருக்கு, வாங்கிய பெரும்புள்ளி விலையைக் கொடுக்க மறுத்தபோது, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடிய குலத்தலைவர்கள், அநீதிக்குள்ளானவர் எவராயினும் ஒன்றுபட்டு நிற்போம் என்று உறுதிபூண்டனர். நபித்துவத்துக்கு முன் அதில் பங்கேற்ற நபிகளார் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை ஊதியம் மட்டுமன்று. தம் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவகுத்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் சங்கங்கள் சேர்ந்து எழுப்பிய குரலாலேயே.

இனி, சாலையோரத்து மனைப் பலகைகள். இத்தடத்தில் ஆலைகள் வரும் செய்தி பரவியதும் வளைகுடாவில் பொருளீட்டிய நம்மவரும் சென்னை வணிகரும் இங்கே மனைகள் வாங்கினர். வாங்குவதில் தவறில்லை. வீடு கட்டிக் குடியிருக்கும் எண்ணத்தோடு வாங்கிய மனைக்கு ஜகாத்தும் இல்லை. ஆனால் விலை ஏறியதும் விற்பது என்ற எண்ணத்தோடு வாங்கியது வணிகப் பொருள். ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலையில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமை என்பதே ஹனஃபி, ஷாஃபியீ அறிஞர்களின் நிலைபாடு. விலையேற்றத்துக்காகக் காத்திருப்பவர் விற்றபின் ஓராண்டுக்குக் கொடுத்தால் போதும் என்று மாலிக்கீ மத்ஹபில் இடமுண்டு. ஆனால் நம்முள் மாலிக்கீகள் இல்லை! விதையில்லாமல், நீரில்லாமல், அரசு போட்ட சாலையாலும் பிறர் உழைப்பாலும் மதிப்பு விளையும் நிலம் இது. உஷ்ரின் நியாயப்படி பார்த்தால் கடமை கூடுதலாக வேண்டிய இனம். நம் ஜகாத் கணக்கில் தங்கம் இருக்கிறது, வங்கி இருப்பு இருக்கிறது. மனையைப் பலர் மறந்துவிடுகிறோம்.

அந்த ஜகாத் எங்கே போகவேண்டும்? தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனம் வரிசைப்படுத்தும் எண்வகையினருள் கடன்பட்டோர் ஒரு வகை. ரமளானில் புடவையும் அரிசியும் பங்கிடும் நாம் இவ்வகையை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டோம். தண்டல்காரரிடம் பத்தாயிரம் கேட்டால், 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 தருவார். நாளுக்கு நூறாக நூறு நாளில் பத்தாயிரம் திரும்ப வேண்டும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வேலைநீக்கம் பெற்ற ஒப்பந்தத் தொழிலாளியோ உணவகப் பணியாளரோ அச்சட்டத்தை நாடுவதில்லை, மறுநாள் காலை வரும் தண்டல்காரருக்கு அஞ்சி மற்றொரு தண்டலை நாடுகிறார்.

இத்தடத்தின் தொழிலாளருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லரே, அவர்களுக்கு ஜகாத் செல்லுமா என்ற வினா எழும். கடமையான ஜகாத் முஸ்லிம்களுக்கே என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. ஆனால் சதகாவுக்கும் வக்ஃபுக்கும் அந்த வரம்பு இல்லை. முதுமையில் யாசித்து நின்ற யூதர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்று கூறி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உதவித்தொகை வழங்க ஆணையிட்ட செய்தியை, முன்னர்க் குறிப்பிட்ட அதே ‘கிதாபுல் கராஜ்’ பதிவு செய்திருக்கிறது. எனவே வழி இரண்டு: முஸ்லிம் கடனாளிகளுக்கு ஜகாத் நிதி, அனைவருக்குமான வட்டியில்லாக் கடனுக்குத் தனியே ஒரு சதகா நிதி. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, ஆண்டுக்கொருமுறை பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டால் ஐயம் எழாது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று இலட்சத்துக்கு வாங்கிய மனை இன்று முப்பது இலட்சம் பெறும் என்று கொள்வோம். விற்பனை எண்ணத்தோடு வைத்திருப்பவருக்கு இவ்வாண்டு ஜகாத் 75,000 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் கடன் ஏழு குடும்பங்களுக்கு அதனால் அடைபடும், ஐயாயிரம் மிஞ்சும்.